விபிஎன்னா டாரா, எது போதும்?

வடசேரி பஸ் ஸ்டாண்டுல காலேஜ் பிள்ளைய ரெண்டு பேரு கேட்டாவ, அண்ணே, நெட்டுல நாம யாருன்னு தெரியாம இருக்க எத போடணும்னு. விபிஎன்னா நம்ம நெட்ட ஒரு கம்பெனி சர்வர் வழியா மறைச்சு அனுப்புறது. டார்னா பல கம்ப்யூட்டர் வழியா சுத்தி அனுப்புறது, அதுக்குன்னு தனி பிரவுசர் இருக்கு.

காசு: நல்ல விபிஎன்னுக்கு பெரும்பாலும் காசு குடுக்கணும். டார் பிரவுசர் ஓசி.

வேகம்: விபிஎன்ல வீடியோ ஓடும். டார் மூணு ரிலே (நடுவுல கைமாத்தி விடுற கம்ப்யூட்டர்) சுத்தும், நாரோயில்லேந்து மார்த்தாண்டத்துக்கு கொளச்சல் வழியா போற பஸ் மாதிரி இழுக்கும்.

நம்பிக்கை: இங்கதான் விஷயமே. விபிஎன் கம்பெனிக்கு நீங்க யாரு, எந்த சைட்டுக்கு போறீயன்னு ரெண்டும் தெரியும், 2022ல செர்ட்-இன் (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) போட்ட உத்தரவுப்படி கஸ்டமர் விவரத்த 5 வருஷம் வேற வச்சிருக்கணும், அதான் சில கம்பெனிக்காரனுவ சர்வரயே இந்தியாவ விட்டு தூக்கிட்டானுவ. டார்ல மொத ரிலேக்கு ஒங்கள தெரியும், போற எடம் தெரியாது, கடைசி ரிலேக்கு நேர் எதிர். ஆனா டார்ல போயி சொந்த ஜிமெயில்ல லாகின் பண்ணிட்டு ஒளிஞ்சுட்டேன்னா நடக்காது மக்களே.

டீக்கடை வைஃபைக்கு விபிஎன் போதும். ஆளே தெரியக்கூடாதுன்னா டார்தான்.