மேக்னம் தாங்கும் நடுத்தர ரிவால்வர்: மாடல் 19-ஆ, ஜிபி100-ஆ?

.357 மேக்னம் என்ற வலுவான தோட்டாவைச் சுட நடுத்தர அளவில் ஒரு ரிவால்வர் தேடியபோது, கடைசிச் சுற்றில் நின்றவை இரண்டு: ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பழைய மாடல் 19, ரூகரின் ஜிபி100. நான் வாங்கியது ரூகர். அழகிலும், ட்ரிகரின் வழவழப்பிலும், இடுப்பில் சுமக்கும் சுகத்திலும் 19தான் மேல். அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. நான் பார்த்தது உழைப்பு ஒன்றைத்தான்.

19 வந்தது 1955-ல். அமெரிக்க எல்லைக் காவலரான பில் ஜோர்டன் போன்றவர்கள் கேட்டபடி, .38 ஸ்பெஷல் என்ற மென்மையான தோட்டாவுக்கென்று பிறந்த கே ஃபிரேமிலேயே (ஸ்மித்தின் நடுத்தர அளவு உடற்சட்டம்) மேக்னத்தை ஏற்றினார்கள். ஒரே துப்பாக்கியில் இரண்டையும் சுடலாம் என்பதால், பயிற்சிக்கு .38, பணிக்கு மேக்னம் என்பது அன்றைய வழக்கம். .38-இன் அழுத்த வரம்பு 17,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .357-க்கு 35,000. வழக்கம் நீடித்தவரை துப்பாக்கியும் நீடித்தது. பின்னாளில் காவல்துறைகள் பயிற்சிக்கும் மேக்னத்தையே, அதிலும் 125 கிரெய்ன் எடையுள்ள இலகுவான தோட்டாக்களை, சுடத் தொடங்கியதும் விரிசல் புகார்கள் கிளம்பின.

விரிசல் விழும் இடம் ஃபோர்சிங் கோன், அதாவது சிலிண்டரிலிருந்து பாயும் தோட்டாவை வாங்கிக்கொள்ளும் குழலின் பின்வாய். கே ஃபிரேமில் இடம் போதாததால், சிலிண்டரைத் தாங்கும் கிரேன் மூடுவதற்காக அந்த வாயின் அடிப்பக்கத்தைத் தட்டையாகச் சீவியிருப்பார்கள். சுற்றிலும் தடிமனாக இருக்கும் உலோகம் அங்கே மட்டும் மெலிந்துவிடும். 125 கிரெய்ன் தோட்டா குட்டையானது, வேகமும் அதிகம். அது கோனுக்குள் நுழைந்து அடைத்துக்கொள்வதற்குள் கொதிக்கும் வாயு முந்திப் பாய்ந்து உலோகத்தை அரிக்கிறது. அரித்த இடத்திலேயே தோட்டாவும் வந்து மோதுகிறது. நீளமான 158 கிரெய்னில் இந்தத் தொல்லை குறைவு. விரிசல் விட்டால் குழலையே மாற்ற வேண்டும். பழைய 19-க்குப் புதுக் குழல் கிடைப்பது குதிரைக்கொம்பு.

1985-ல் வந்த ஜிபி100-இல் அந்தச் சீவலே கிடையாது. கோன் முழு வட்டம். ஃபிரேமின் பக்கவாட்டில் கழற்றும் தகடும் இல்லை. இருபுறமும் ஒரே வார்ப்பு, ட்ரிகர் தொகுதி அடிவழியாகக் கழன்று வரும். கிரேனும் முன்பக்கம் ஃபிரேமோடு நேரடியாகப் பூட்டிக்கொள்கிறது. இதற்கெல்லாம் விலை, சில அவுன்ஸ் கூடுதல் எடை. மேக்னத்தின் உதைப்பை அந்த எடையே கொஞ்சம் வாங்கிக்கொள்வதால் எனக்கு அது பாரமாகத் தெரியவில்லை.

ஸ்மித்தே இதற்கு விடையாக 1980-களின் தொடக்கத்தில், கே-யைவிடச் சற்றுப் பெரிய எல் ஃபிரேமைக் கொண்டுவந்தது. அந்த ஃபிரேமில் வந்த மாடல் 686 வைத்திருப்பவரை ரூகருக்கு மாறு என்று சொல்ல மாட்டேன். 2020-இல் திரும்பி வந்த கோல்ட் பைத்தான் ரிவால்வரை நான் அதிகம் சுட்டதில்லை, அதனால் தீர்ப்புச் சொல்லவில்லை. சிலிண்டர் டைமிங், அதாவது ஒவ்வொரு அறையும் குழலோடு சரியாக நேராகும் ஒழுங்கு, தளர்வது, ட்ரிகரை மட்டுமே இழுத்து வேகமாகச் சுடும் டபுள் ஆக்‌ஷன் சுடலில் எந்த ரிவால்வருக்கும் வரும். என் ரூகரில் இதுவரை இல்லை. ஆனால் ஒரு துப்பாக்கியை வைத்து எல்லாவற்றுக்கும் சத்தியம் செய்ய முடியாது.

2018-இல் மறுபடி வந்த மாடல் 19-இல் குழலின் அமைப்பை மாற்றி அந்தத் தட்டைச் சீவலை நீக்கிவிட்டார்கள். ஆகவே என் குறையெல்லாம் பழையவற்றின் மேல்தான். பழைய 19 அல்லது அதன் துருப்பிடிக்காத எஃகு வடிவமான 66 வாங்குவதானால், காலியாக இருப்பதை உறுதி செய்து சிலிண்டரை வெளியே தள்ளி, கரியைத் துடைத்துவிட்டு, கோனின் அடிப்பக்கத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழைக் கோடு தெரிந்தாலும் வேண்டாம். கோடு இல்லையென்றால் தாராளமாக வாங்கி, .38-ஐயும் எப்போதாவது 158 கிரெய்ன் மேக்னத்தையும் சுடுங்கள்.