துணி உலர்த்தும் அலமாரி: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

படுக்கையோடு இருக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன். விரிப்பு, துண்டு, போர்வை என்று தினமும் ஒரு மூட்டைத் துணி சேரும். மறுநாள் காலைக்குள் அவ்வளவும் காய்ந்தாக வேண்டும். வெயிலையும் காற்றையும் நம்பி இதை நடத்த முடியாது என்றுதான் உலர்த்தும் அலமாரி வாங்கினோம். இன்று அது இல்லாமல் எங்களுக்கு ஒரு நாள் ஓடாது.

பார்க்கக் குளிர்பதனப் பெட்டி மாதிரி நெட்டையாக இருக்கும். உள்ளே கம்பிகள், துணியைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினால் மின்விசிறி சூடான காற்றைச் சுழற்றும். துணி உருளாது, புரளாது. இதன் பெருமையே அதுதான். அப்பாவின் கம்பளிச் சால்வையை உருட்டி உலர்த்தும் ட்ரையரில் போட எனக்குத் துணிவு வராது. ஈரமும் சூடும் இருக்கும்போது உரசல் பட்டால் கம்பளி இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கிவிடும். இதில் குறைந்த சூட்டில் தொங்கவிட்டால் போட்ட அளவிலேயே வெளியே வருகிறது. கால் வீக்கத்துக்குப் போடும் இறுக்கமான காலுறைகளையும் அப்படித்தான் உலர்த்துகிறேன்.

வாங்குமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: துணியிலிருந்து கிளம்பும் ஈரம் எங்கே போகிறது? எங்களுடையதில் ஒரு குழாய் அதைச் சுவர் வழியாக வெளியே தள்ளுகிறது. சில வகைகள் ஆவியைக் குளிரவைத்துத் தொட்டியில் தண்ணீராகப் பிடிக்கும். காற்றின் சூட்டை வீணாக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஹீட் பம்ப் வகை விலை கூடுதல், மின்செலவு நன்றாகவே குறையும். ஜிப் வைத்த, மடக்கி வைக்கும் துணிக்கூண்டுகளும் விற்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆவியை அறைக்குள்ளேயே விடும். ஜன்னலைத் திறந்து வைக்க முடியாத அறை என்றால் அதை வாங்கவே வாங்காதீர்கள். சுவரில் பூஞ்சை பிடிக்கும், நோயாளி படுத்திருக்கும் அறைக்கு அது ஆகவே ஆகாது.

மின்செலவு வாஷிங் மெஷினிலேயே தீர்மானமாகிவிடுகிறது. சாதாரண ஹீட்டர் வகையில் ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கக் குறைந்தது 0.65 யூனிட்டாவது போகும். நிமிடத்துக்கு 1400 சுற்றில் பிழிந்த ஒரு கிலோ பருத்தித் துணியில் ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் தங்கும். 800 சுற்றில் அது 700 மில்லிக்குப் பக்கம். தண்ணீரைப் பிழிந்து எடுக்க ஆகும் மின்சாரம், சூடாக்கி எடுப்பதில் ஒரு சிறு பங்குதான். விரிப்புகளை நான் இரண்டாம் முறையும் ஸ்பின்னில் விட்டுத்தான் எடுக்கிறேன்.

விரிப்பை நாலாக மடித்துப் போட்டால் நடு மடிப்பு ஈரமாகவே நிற்கும். பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் இரண்டின் மேல் விரித்து, நடுவில் காற்று ஏற இடம் விடுங்கள். இன்னொன்று, சூடாக இருக்கும் துணி தொட்டால் காய்ந்த மாதிரியே தெரியும். கதவைத் திறந்து, ஆறவிட்டு, ஓரத் தையலைத் தொட்டுப் பாருங்கள். அங்கே ஜில்லென்று இருந்தால் இன்னும் அரைமணி நேரம் ஓடட்டும். அந்த ஈரத்தோடு மடித்து வைத்தால் கிருமி பெருகி, மறுநாளே முடைநாற்றம் அடிக்கும்.

குறை இல்லாமல் இல்லை. விரிப்பு காய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, ஒரு நேரத்தில் கொஞ்சம் துணிதான் பிடிக்கும். துண்டுகள் புரளாமல் காய்வதால் விறைத்துப் போகின்றன. அப்பாவின் தோல் மெல்லியது என்பதால், அவற்றை நன்றாக உதறி, கையால் கசக்கி மென்மையாக்கிய பிறகுதான் அவருக்குத் துடைக்க எடுக்கிறேன்.