லாட்ஜ் ஊழியர்களுக்குப் பெயர் பேட்ஜ்: ஐந்து வருஷ அனுபவம்

வேலூரில் சி.எம்.சி. பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கும் லாட்ஜில் நான் மேனேஜர். ரிசப்ஷன், ரூம் பாய், வாட்ச்மேன் எல்லாம் சேர்த்து இருபத்தெட்டுப் பேர். தங்க வருகிறவர்களில் பாதிக்கு மேல் வங்காளம், ஜார்கண்ட், திரிபுரா பக்கத்து நோயாளிகளும் உறவினர்களும்தான். பெயர் தெரியாததால் எல்லாரையும் 'தாதா' என்றே கூப்பிடுவார்கள். அவர்கள் மொழியில் அது அண்ணன். புதிதாகச் சேரும் பையன்கள் முதல் நாள் மிரண்டு போவார்கள்.

புதுப்பித்த லாட்ஜை ஜனவரி 20 திறப்பதாக இருந்தது. 4ஆம் தேதியே சென்னையில் ஒருவரிடம் பெயர் பேட்ஜுக்கு ஆர்டர் கொடுத்துப் பாதிப் பணமும் அனுப்பினேன். 'ஏழு வேலை நாள்' என்றார்கள். ஏழும் நாலும் பதினொன்று, தாராளம் என்று இருந்துவிட்டேன். அந்த ஏழு நாள் பணம் கட்டிய அன்று தொடங்குவதில்லை, மாதிரிப் படத்துக்கு நாம் 'ஓகே' சொன்ன பிறகுதான் தொடங்கும் என்பது எனக்குத் தெரியாது. மாதிரி 8ஆம் தேதி வந்தது. பெயர்களைத் திருத்தி, முதலாளியிடம் காட்டி, ஓகே சொல்லும்போது 11. இரண்டு நாள் வேலை நடந்தது, போகியன்றே பட்டறையைப் பூட்டிவிட்டு எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். பார்சல் கைக்கு வந்தது 25ஆம் தேதி. திறப்பு விழாவில் பையன்கள் சட்டையில் ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய ஸ்டிக்கர்!

சென்னையிலிருந்து வேலூருக்கு கூரியர் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. லேசர் மெஷினுக்கு இருபத்தெட்டு பேட்ஜ் ஒரு மதிய வேலை. நாட்களைத் தின்றது நான் அனுப்பிய பெயர்ப் பட்டியல்தான். வாட்ஸப்பில் யூனிகோடில் அடித்து அனுப்பினேன். அவர்கள் அதைப் பாமினி எழுத்துருவுக்கு மாற்றியபோது 'கோவிந்தன்' கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகக் கிடந்தது. ஆங்கிலத்தில் வேறு கூத்து. எங்கள் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு ஏழுமலை. 'ழ'வுக்கு இசட்-எச் போட்டால் கொல்கத்தாக்காரர் 'ஏஜுமலை' என்கிறார், எல் போட்டால் "ஆதார்ல அப்படி இல்ல சார்" என்று ஏழுமலையே வந்து நிற்கிறார். இப்போது ஒவ்வொருவரிடமும் தாளில் எழுதி வாங்கிக் கையெழுத்தும் வாங்குகிறேன். பட்டியலை பி.டி.எஃப்.பாகவும் அனுப்புகிறேன். மாதிரியைப் பெயர்க்காரரே பார்த்த பிறகுதான் ஓகே.

முதலில் வாங்கியது மேலே பசை ஊற்றிய பளபள ரகம். பார்க்க அழகு. வாசலில் வெயிலில் நிற்கும் வாட்ச்மேனுடையது ஒரே கோடையில் பழுத்துவிட்டது. வெறும் பிரிண்ட் ரகத்தில் சானிடைசர் பட்டுப் பட்டு எழுத்தே கரைந்தது. இரண்டு அடுக்கு பிளாஸ்டிக் ஷீட்டில் லேசரால் செதுக்கியதுதான் இன்றும் நிற்கிறது. மேல் நிறம் எரிந்து அடி நிறம் எழுத்தாகத் தெரிவதால் அழிய மை எதுவும் இல்லை. மூன்றுக்கு ஒரு அங்குலம் போதும்.

பின் குத்துவதா, காந்தமா? படுக்கை விரிக்கக் குனியும் பையன்களுக்குப் பின் கழன்று குத்துகிறது, சட்டையும் கிழிகிறது. காந்தம் சட்டையைக் காப்பாற்றும், ஆனால் உள்பக்கப் பட்டை தொலையும். மாதம் ஒன்றாவது இரும்பு பீரோவிலிருந்தோ சலவைத் துணியிலிருந்தோ கிடைக்கும். எங்கள் இரவு வாட்ச்மேனுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர். காந்த பேட்ஜைக் கொடுத்த அன்றே, "டாக்டர் நெஞ்சாண்ட காந்தம் கூடாதுன்னு சொல்லிருக்காரு தம்பி" என்று திருப்பிக் கொடுத்தார். ஆர்டர் போடும் முன் இதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை, வெட்கமாகிவிட்டது. அவருக்கு மட்டும் பின்.

ரூம் பாய்கள் ஆறு மாதத்தில் மாறிவிடுவார்கள். ஒற்றை பேட்ஜுக்கு ஒவ்வொரு முறையும் சென்னைக்கு எழுதினால் கூரியர் காசு பேட்ஜ் விலையை நெருங்கும். அதனால் லோகோ மட்டும் செதுக்கி, பெயர் இடம் காலியாக இருபது பேட்ஜ் வாங்கி வைத்துக்கொள்கிறேன். ஆள் சேர்ந்ததும் ஊரிலேயே ஷீல்டு செதுக்கும் கடையில் கொடுத்தால், கூட்டமில்லாத நாளில் அரை மணி நேரம். பழைய பேட்ஜின் காந்தத்தைக் கழற்றிப் புதியதில் ஒட்டிவிடுவேன். பதவியைப் போடுவதே இல்லை. ரூம் பாய் ரிசப்ஷனுக்கு வந்தால் பேட்ஜ் குப்பைக்குப் போகுமே.

ஜூன், ஜூலையில் மட்டும் எந்தக் கடைக்கும் போகாதீர்கள். பள்ளி, கல்லூரி அடையாள அட்டை வேலை குவிந்து கிடக்கும். தேர்தல் வந்தால் கட்சி பேட்ஜ். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைத்து நிறுத்திவிடுவார்கள், தீபாவளி வரை அந்தச் சுணக்கம் தொடரும். நான் பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும் போடுகிறேன். தேவைப்படும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, பெயர் சரிபார்க்க ஐந்து நாள், அவர்கள் சொல்லும் வேலை நாள், கூரியர் இரண்டு நாள், தவறு வந்தால் திருத்த ஒரு வாரம் விட்டு அந்தத் தேதியில் ஆர்டர்.

மேஜை டிராயரில் இப்போது காலி பேட்ஜ் பதினொன்று இருக்கிறது. நாளை சேரும் பையன் பெயர் கேட்டேன். ஏழுமலையாம்.