குளிசை முதலா, மரபணுச் சோதனை முதலா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்த மாமி ஒருவர் ரிப்போட்டை மேசையில் விரித்தார். இரைப்பையிலிருந்த கட்டியை வெட்டி எடுத்தாயிற்று. "தம்பி, சிடி117 பொசிட்டிவ் எண்டு போட்டிருக்கு. அப்ப மரபணுவில பிழை எண்டு தெரிஞ்சிற்றுதுதானே, குளிசையத் தொடங்கலாம்தானே?"

லாப்பில் வேலை செய்யும் எனக்கு இது பழகிப்போன கேள்வி. சிடி117, டிஓஜி1 இரண்டும் சாயச் சோதனைகள். சாயம் பிடித்தால் இது ஜிஸ்ட் என்ற, உணவுப் பாதையில் வரும் ஒருவகைப் புற்றுநோய்க் கட்டி என்று நம்பலாம். மரபணுவில் பிழை எந்த இடத்தில் என்று சாயம் சொல்லாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

இடம் தெரியாமலே, ஜிஸ்டுக்குக் கொடுக்கும் இமாடினிப் குளிசையைத் தொடங்கலாம் என்பவர்களிடமும் நியாயம் உண்டு. ஜிஸ்ட் நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பிழை கிட் என்ற மரபணுவின் 11ஆம் எக்ஸானில் (எக்ஸான் என்பது மரபணுவின் ஒரு பகுதி). அவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் நன்றாக வேலை செய்யும். கிட்டில் பிழை இருப்பது 1998இல் தெரியவந்து, நாலு வருடத்தில், 2002இல், அமெரிக்காவில் ஜிஸ்டுக்கு இமாடினிப் அனுமதி பெற்றதே பெரிய விஷயம். கட்டி பரவி ஆள் தளர்ந்துகொண்டிருந்தால், சோதனை முடிவுக்காகக் காத்திருக்கச் சொல்ல எனக்கும் மனம் வராது.

சிக்கல் மிச்சப் பேரிடம். 9ஆம் எக்ஸான் பிழை பெரும்பாலும் சிறுகுடல் கட்டிகளில் வருவது. நோய் பரவியிருந்தால் அங்கே 400 போதாமல் 800 வரை ஏற்றுவார்கள். பிடிஜிஎஃப்ஆர்ஏ மரபணுவில் டி842வி என்ற பிழையோ அநேகமாக இரைப்பையில்தான் இருக்கும். அதற்கு இமாடினிப் கிட்டத்தட்டப் பச்சைத் தண்ணீர்தான். அந்தப் பிழைக்கென்று வந்த அவாப்ரிடினிப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2020இல்.

மாமியின் கட்டியும் இரைப்பையில் இருந்ததுதான். திரும்ப வரும் ஆபத்து கூடினவர்களுக்கு, வெட்டிய பிறகு மூன்று வருடம் இமாடினிப் கொடுப்பது வழக்கம். டி842வி உள்ள ஒருவர் அதை விழுங்கினால் மூன்று வருடமும் கண்ணிமை வீக்கமும் தசைப்பிடிப்பும்தான் மிச்சம், பலன் இல்லை. ஆகவே, கட்டியை எடுத்துவிட்டு ஆள் நடமாடிக்கொண்டிருந்தால் என் வாக்கு சோதனைக்கே. சில கிழமை பிந்துவதால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகாது. சோதனைக்குச் செலவாகும், சாம்பிள் வெளியூர் போகவேண்டி வரும், அதெல்லாம் சரி. மூன்று வருடக் குளிசையோடு பார்த்தால் எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

"அப்ப திரும்பவும் வெட்டோணுமா?" என்று மாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். தேவையில்லை. வெட்டிய தசைத்துண்டு மெழுகில் புதைத்தபடி லாப்பில் இருக்கும், தபால் முத்திரை அளவில் ஒரு சின்ன பிளொக். அதிலிருந்து சீவும் மெல்லிய படலங்களே சோதனைக்குப் போதும். ரிப்போட்டில் இருந்த பிளொக் இலக்கத்தைப் பேனையால் வட்டமிட்டு, அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் காட்டிக் கேட்கச் சொன்னேன். மாமி அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "மெழுகுக்குள்ளயா வெச்சிருக்காங்க?" என்று படியிறங்கும்போதும் கேட்டார்.