கல்லூரி வளாகத்துக்கு ஏ.இ.டி.: பிலிப்ஸா, ஜோலா, ஹார்ட்சைனா?

ஏ.இ.டி. என்பது திடீரென்று இதயம் நின்றுபோனவருக்கு மார்பில் பேட் ஒட்டி மின் அதிர்ச்சி (ஷாக்) கொடுக்கும் கருவி. நாங்கள் எடுத்தது ஹார்ட்சைன் சமாரிட்டன் 350பி, ஆறு கருவிகள். மூன்றில் எது உயிரைக் காப்பாற்றும் என்றால், மூன்றும்தான். எல்லாமே இதயத்தின் மின்னோட்டத்தைத் தாமே அலசிப் பார்த்து, தேவை என்றால் மட்டுமே ஷாக் கொடுக்கச் சொல்லும். தேவையில்லாதவர் மார்பில் பேடை ஒட்டிவிட்டுப் பட்டனை அழுத்தினாலும் ஷாக் போகாது. ஷாக்கின் ஆற்றல் பிலிப்ஸில் 150 ஜூல்; முதல், இரண்டாம், மூன்றாம் ஷாக் என்று ஹார்ட்சைனில் 150-150-200, ஜோலில் 120-150-200. இந்த எண்களை வைத்து பர்ச்சேஸ் கமிட்டியில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியது காலாவதித் தேதி. ஏ.இ.டி. கைவிடுவது மின்னணுப் பகுதியால் மட்டும் அல்ல. பல நேரம் பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது பேடில் உள்ள ஜெல் காய்ந்திருக்கும். ஜெல் காய்ந்தால் பேட் தோலில் சரியாகப் படியாது. மின்தடை கூடும். கருவி "பேடைச் சரிபாருங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும் நேரம் அது.

கல்லூரியில் ஒரு பேட் வாங்குவது எப்படி என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். கோரிக்கைக் கடிதம், மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், முதல்வர் கையெழுத்து, ஸ்டோர்ஸ் பதிவு. நடுவில் மார்ச் வந்துவிட்டால் கோப்பு அடுத்த நிதியாண்டுக்குப் போகும். பொறுப்பில் இருந்த உடற்கல்வி இயக்குநர் மாறிவிட்டால் அந்தக் கோப்பு இருந்ததே அடுத்தவருக்குத் தெரியாது. ஆகவே நாங்கள் கருவிகளை ஒப்பிட்டது, எட்டு ஆண்டுகளில் எத்தனை முறை கோப்பை நகர்த்த வேண்டியிருக்கும் என்ற கணக்கில்தான்.

பிலிப்ஸ் ஹார்ட்ஸ்டார்ட் எச்.எஸ்.1-இல் பேட் கேட்ரிட்ஜ் ஏறக்குறைய 2 ஆண்டு வரும், பேட்டரி 4 ஆண்டு. எட்டு ஆண்டில் ஒரு கருவிக்குப் பேட் நான்கு முறை, பேட்டரி இரண்டு முறை. இரண்டும் ஒரே மாதத்தில் காலாவதியாகாது. ஆறு கருவி என்றால் பன்னிரண்டு தேதிகளைப் பின்தொடர வேண்டும். கருவி நல்ல கருவிதான். தினமும் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். மற்ற இரண்டும் வாரம் ஒருமுறைதான். அதன் குரல் வழிகாட்டலும் பேட் ஒட்டும் வேகத்துக்கு ஏற்பக் காத்திருந்து அடுத்த படியைச் சொல்லும். ஆனால் நம் ஊருக்கு ஒரு சிக்கல்: சும்மா மாட்டி வைத்திருக்கும்போது 10 முதல் 43 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் வரம்பு. அக்னி நட்சத்திரத்தில் வேலூரிலும் திருத்தணியிலும் நிழலிலேயே 40-ஐத் தாண்டுகிறது. தகரக் கூரை போட்ட உள்விளையாட்டரங்கத்தில் கேட்கவே வேண்டாம். தூசியும் தண்ணீரும் தாங்குவதைக் குறிக்கும் ஐ.பி. தர எண்ணிலும் இது ஐ.பி.21 மட்டுமே. மைதானத்துக்கு பிலிப்ஸ்தான் வேண்டும் என்றால் எஃப்.ஆர்.எக்ஸ். வாங்குங்கள். அது ஐ.பி.55, 50 டிகிரி வரை தாங்கும்.

ஜோல் ஏ.இ.டி. பிளஸ் காகிதக் கணக்கில் எல்லாவற்றையும் வெல்கிறது. பேட்டும் பேட்டரியும் 5 ஆண்டு. மார்பின் நடுவில் வரும் சென்சார் எவ்வளவு ஆழம் அழுத்துகிறோம் என்று பார்த்து, போதாவிட்டால் "இன்னும் பலமாக அழுத்துங்கள்" என்று சொல்லும். சி.பி.ஆர். (மார்பை அழுத்தும் முதலுதவி) பயிற்சி எடுத்து ஆறு மாதமான ஒரு மாணவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. இந்த ஒன்றுக்காகவே நாங்கள் நெடுநேரம் தயங்கினோம். தடுத்தது பேட்டரி. கேமராவுக்குப் போடும் 123ஏ வகை லித்தியம் செல்கள் பத்து வேண்டும். கடையில் கிடைக்கும் என்பது வசதிபோலத் தெரியும். ஆனால் தயாரிப்பாளர் குறிப்பிட்ட நிறுவனங்களின் செல்களைத்தான் போட வேண்டும், பத்தையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும், மாற்றியதும் பேட்டரி அறைக்குள் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்த மறந்தால் புதிய செல்லைப் பழையது என்று கருவி நினைக்கும். பழைய செல்களோடு யாராவது அழுத்திவிட்டால் அவற்றைப் புதியது என்று நம்பிப் பச்சை டிக் காட்டும்! பணியாளர்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் இந்த ஒரு பட்டனை நம்ப எங்களுக்கு மனம் வரவில்லை. எடையும் 3.1 கிலோ, ஹார்ட்சைன் 1.1 கிலோ. ஜோலைப் பயிற்சியில் மட்டுமே கையாண்டிருக்கிறோம், ஆண்டுக்கணக்கில் பராமரித்ததில்லை என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். பயிற்சி பெற்ற செவிலியர் நிரந்தரமாக இருக்கும் வளாகத்துக்கு ஜோலே மேல்.

ஹார்ட்சைனில் பேட்டும் பேட்டரியும் 'பேட்-பேக்' என்ற ஒரே பெட்டிக்குள் வருகின்றன. ஆயுள் 4 ஆண்டு. ஒரு கருவிக்கு ஒரே தேதி. மாற்றுவதும் எளிது: பழையதை இழுத்து எடுத்து, புதியதை உள்ளே தள்ள வேண்டும். இடம் வலம் இரண்டும் பிடித்துக்கொள்ளும் 'க்ளிக்' ஒலி இரண்டு முறை கேட்க வேண்டும். ஒன்று மட்டும் கேட்டால் இன்னும் தள்ளுங்கள். பச்சை விளக்கு மினுக்கத் தொடங்கியதும் ஒருமுறை ஆன் செய்து குரல் வருகிறதா என்று கேட்டுவிட்டு உடனே அணைத்துவிட வேண்டும். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் ஆன் செய்து காட்டினால் அந்தப் பேட்டரியைத்தான் தின்கிறோம். ஐ.பி.56 என்பதால் மைதானத்து மழைச்சாரலுக்கும் புழுதிக்கும் பயமில்லை. வெப்ப வரம்பு 50 டிகிரி. அதற்காக மேற்குச் சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். மாலை வெயில் நேராக விழும் மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் 50 எளிதாக வந்துவிடும்.

குறைகளும் உண்டு. பேட்-பேக் ஒருமுறை பயன்படுத்தினால் தீர்ந்தது. ஒரே ஒரு ஷாக் கொடுத்திருந்தாலும் முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டும். கையிருப்பு இல்லாவிட்டால் அடுத்த கோப்பு நகரும்வரை அந்த இடம் காலி. ஆறு கருவிக்கு இரண்டு உபரி பேக் வைத்திருக்கிறோம். பெரிய பொறி இன்னொன்று: அந்த 4 ஆண்டு, தயாரித்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. இறக்குமதியாகி, விநியோகஸ்தர் கிடங்கில் கிடந்து வந்தால் இரண்டரை ஆண்டுதான் மிஞ்சும். பர்ச்சேஸ் ஆர்டரிலேயே "ஒப்படைக்கும் நாளில் குறைந்தது 42 மாத ஆயுள் மீதம் இருக்க வேண்டும்" என்று எழுதுங்கள். பெட்டியைப் பிரித்ததும் மணற்கடிகாரக் குறியின் பக்கத்தில் இருக்கும் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் டெலிவரி சலானில் கையெழுத்து. எந்தக் கருவி வாங்கினாலும் எட்டு ஆண்டுக்கான பேட், பேட்டரி விலையை அதே கொட்டேஷனில் கேளுங்கள். குறைந்த விலைக் கருவி அங்கேதான் விலை ஏறும்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும்: இரண்டு பிராண்டைக் கலக்காதீர்கள். முன்னாள் மாணவர் சங்கம் அன்போடு ஒரு கருவி தருவார்கள். அது வேறு நிறுவனமாக இருக்கும். ஒன்றின் பேட் இன்னொன்றில் பொருந்தாது. நன்கொடை வருவதற்கு முன்பே மாடல் எண்ணை எழுதிக் கொடுத்துவிடுங்கள், யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

வைக்கும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றரை நிமிட வேக நடையில் எடுக்க முடிய வேண்டும். மாடிப்படியையும் சேர்த்து நடந்து பாருங்கள். இரவில் கதவைப் பூட்டும் மாணவியர் விடுதிக்கு உள்ளேயே ஒன்று தனியாக வேண்டும். பெட்டிக்குப் பூட்டு வேண்டாம், திறந்தால் அலறும் அலாரம் போதும். அந்த அலாரத்துக்குத் தனி பேட்டரி உண்டு என்பதை எல்லோரும் மறக்கிறார்கள். கருவியோடு ஒரு ரேசர், தடித்த துணி வெட்டும் கத்தரி, சிறு துண்டு, கையுறை. வியர்வையில் நனைந்த மார்பில் பேட் ஒட்டாது. துடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

பராமரிப்பை ஏ.எம்.சி.க்கு (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) கொடுப்பதா, நாமே பார்ப்பதா? ஏ.எம்.சி. ஆள் ஆண்டுக்கு இரண்டு முறை வருவார், இடையில் சிவப்பு விளக்கு எரிந்தால் அவருக்குத் தெரியாது. நாங்கள் வாட்ச்மேன் ஷிஃப்ட் பதிவேட்டிலேயே ஒரு கட்டம் சேர்த்தோம்: "ஏ.இ.டி. பச்சை: ஆம் / இல்லை". காலை ஷிஃப்ட் மாறும்போது ஒரு டிக். மாதத்தின் முதல் திங்கள்கிழமை யூத் ரெட் கிராஸ் மாணவர் இருவர் பேட்-பேக் தேதி, கத்தரி, ரேசர், அலாரம் நான்கையும் பார்த்துக் கையெழுத்திடுகிறார்கள். பேக் காலாவதியாக எட்டு மாதம் இருக்கும்போதே ஸ்டோர்ஸுக்குக் கடிதம் போகிறது.

அதே வளாகத்துக்குள் பள்ளியும் இருந்தால் எங்கள் தேர்வு மாறியிருக்கும். 8 வயதுக்குக் கீழே, அல்லது 25 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு ஹார்ட்சைனில் பேட்-பேக்கைக் கழற்றி, குழந்தைகளுக்கான வேறொரு பேக்கை மாட்ட வேண்டும். அதற்கும் ஒரு காலாவதித் தேதி. பிலிப்ஸ் எஃப்.ஆர்.எக்ஸ்.-இல் அதே பேடை வைத்துக்கொண்டு ஒரு சாவியைச் செருகினால் போதும், ஆற்றல் குறைந்துவிடும். குழந்தைக்கான பேக் கையில் இல்லாவிட்டால் பெரியவர்களுக்கான பேடையே ஒன்றை மார்பிலும் மற்றொன்றை முதுகிலும் ஒட்டிப் பயன்படுத்தலாம். தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.