பழைய கணினிக்குப் புது பிராசசர்: போர்டை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

முதலில் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு வழக்கமான வேலையைச் செய்யுங்கள். பிராசசர் சும்மா இருக்க டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் உங்களுக்குத் தேவை எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க். ரேம் நிரம்பி வழிந்தால் ரேம். பிராசசர்தான் திணறுகிறது என்று உறுதியான பிறகு இரண்டு வழி உண்டு: அதே போர்டில் (மதர்போர்டில்) பொருந்தும் பெரிய பிராசசர் சிப், அல்லது போர்டு, பிராசசர், தேவைப்பட்டால் ரேம் என எல்லாவற்றையும் மாற்றுவது.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) வைத்திருப்பவர்களுக்கு என் ஓட்டு முதல் வழிக்கே. நான் எடுத்ததும் அதுதான். 2017-இல் வந்த பி350 போர்டில் ரைசன் 5 1600 இருந்த இடத்தில், சரியான பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) இருந்தால், 2022-இல் வந்த ரைசன் 5 5600 உட்காரும். இரண்டுமே 6 கோர், 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத் தொடர்கள்), 65 வாட். ஆனால் உச்ச வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.4 ஆகிறது, ஒரே கிளாக்கில் முடியும் வேலையும் நன்றாகக் கூடுகிறது. 1600-க்கு விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் இடமில்லை, 5600-க்கு உண்டு. விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதால் இது முக்கியம்.

இன்னும் மலிவாக வேண்டுமென்றால் 5500 இருக்கிறது. எல்3 கேஷ் (சிப்புக்குள் இருக்கும் வேகமான நினைவகம்) 5600-இன் 32 எம்பிக்குப் பதில் 16 எம்பிதான். அந்தக் குறை கேம்களில் தெரியும், அலுவலக வேலையில் தெரியாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், சிப்பிலேயே கிராபிக்ஸ் உள்ள 2200ஜி, 3200ஜி போன்றவற்றை ஓட்டுபவர்கள் 5600 வாங்கினால், அதில் கிராபிக்ஸ் இல்லாததால், திரையில் ஒன்றும் வராது, அவர்களுக்கு 5600ஜி. 8 கோர் வேண்டுவோருக்கு 5700எக்ஸ், அதுவும் 65 வாட்தான். அதன் பெட்டியில் கூலர் (சிப்பைக் குளிர்விக்கும் ஃபேன்) வராது. சாதாரண ஏ320 போர்டில் 8 கோரை நான் ஓட்டிப் பார்த்ததில்லை, அதனால் அங்கே 6 கோரோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன்.

இந்த வழியின் வெற்றி தோல்வி முழுக்க பயாஸில் இருக்கிறது. போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலின் பிராசசர் பட்டியலைப் பாருங்கள். மாடல் பெயரோடு போர்டில் அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணும் பொருந்த வேண்டும். ஒரே பெயரில் இரண்டு ரிவிஷன் இருந்தால் பயாஸ் கோப்பும் வேறாக இருக்கலாம். பட்டியலில் சிப்பின் பெயருக்கு எதிரே எந்தப் பதிப்பிலிருந்து என்று போட்டிருப்பார்கள். பதிப்புக் குறிப்பில் இடைப்பட்ட ஒரு பதிப்பை முதலில் ஏற்றச் சொல்லியிருந்தால் அதைத் தாண்டக் கூடாது. கோப்பை எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் போட்டு, பயாஸுக்குள் இருக்கும் ஃபிளாஷ் வசதியிலேயே ஏற்றுங்கள். நடுவில் மின்சாரம் போனால் போர்டே போகலாம். யுபிஎஸ் இருந்தால் நல்லது.

இவ்வளவையும் பழைய சிப் சாக்கெட்டில் இருக்கும்போதே செய்ய வேண்டும். புதியதைப் போட்டுவிட்டுத் தொடங்கினால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். சிப் ஓடாமலே பயாஸை ஏற்றும் பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டுகள் மட்டும் இதற்கு விலக்கு. பழைய சிப்பை முன்கூட்டியே விற்றுவிடாதீர்கள்.

பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் மீட்புச் சாவியை முதலிலேயே வேறு இடத்தில் எழுதி வையுங்கள். புது சிப்போடு முதல்முறை இயக்கும்போது எஃப்டிபிஎம் (பூட்டுச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) தரவு மாறிவிட்டது, ஒய் (Y) அல்லது என் (N) அழுத்து என்று கேட்கலாம். ஒய் அழுத்தினால் பழைய சாவிகள் அழியும். மீட்புச் சாவி இல்லாதவர் டிஸ்க்கைத் திறக்க முடியாது.

கூலரைக் கழற்றும் இடத்தில்தான் பலரும் சிப்பைக் கெடுக்கிறார்கள். ஏஎம்4 சிப்பின் அடியில் 1331 பின்கள். சிப்புக்கும் கூலருக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்து பிசின் மாதிரி பிடித்துக்கொள்ள, நேராகத் தூக்கினால் சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டியிருக்கும்போதே சிப்பும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். 15 நிமிடம் கனமான வேலை கொடுத்துச் சூடேற்றி, அணைத்து, மின்கம்பியை உருவிவிட்டு, திருகுகளைக் கழற்றி, கூலரை இடமும் வலமுமாகத் திருகியபடி மெல்ல எடுங்கள். திருகு கூலர் என்றால் பின்பக்கத் தகடு கழன்று விழும். ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். பயாஸ் மாறியதும் ரேமின் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு) அணைந்திருக்கும். அதை மறுபடி போடாவிட்டால் 3200 ரேம் 2133-இலோ 2400-இலோ ஓடி, புது சிப்பின் பலனில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

இரண்டாவது வழி பழைய இன்டெல்காரர்களுக்கானது. ஐ5-6500 இருக்கும் போர்டில் அதிகபட்சம் ஐ7-7700 அல்லது 7700கே ஏறும்: 4 கோர், 8 திரெட், பழைய சந்தையில்தான் கிடைக்கும், விண்டோஸ் 11 பட்டியலிலும் இல்லை. 8-ஆம் தலைமுறை அதே 1151 பெயர் கொண்ட சாக்கெட் என்றாலும் இந்தப் போர்டில் ஓடாது. அதே 4 கோர், 8 திரெட்டை ஐ3-12100 இன்னும் வேகமாகத் தருகிறது. அதற்கான எச்610 போர்டுகளில் டிடிஆர்4 தலைமுறை ரேம் போடும் வகையும் உண்டு என்பதால் பழைய ரேம் டிடிஆர்4 ஆக இருந்தால் மிச்சம். ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போனால் டிடிஆர்5 கட்டாயம். பட்ஜெட் அங்கேதான் எகிறும்.

பிராண்டட் கணினியென்றால் போர்டின் அளவும் பவர் சப்ளை கனெக்டரும் வழக்கமான ஏடிஎக்ஸ் (பொதுவான அளவுத் தரம்) தானா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இல்லையென்றால் கேபினட்டும் பவர் சப்ளையும் சேர்ந்து மாறும். அதில் வந்த விண்டோஸ் உரிமமும் பழைய போர்டோடு கட்டப்பட்டது, புதுப் போர்டுக்கு வராது.