சீட் பெல்ட் துணைப்பொருட்கள்: எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது

கார் சாமான்கள் விற்கும் கடைகளில் சீட் பெல்ட்டுக்கென்றே நான்கு பொருட்கள் கிடைக்கின்றன: தளர்த்தும் கிளிப், பெல்ட் போடாமலே அலாரத்தை நிறுத்த பக்கிளில் (பெல்ட் பூட்டும் இடத்தில்) செருகும் டம்மி கிளிப், தோள் உறை, நீட்டிப்புப் பட்டை. பெரும்பாலானோருக்கு இதில் ஒன்றுகூடத் தேவையில்லை. முதல் இரண்டும் ஆபத்தானவை.

கழுத்தை உரசுகிறதே என்றுதான் பலரும் தளர்த்தும் கிளிப்பை வாங்குகிறார்கள். அதை மாட்டினால் மார்புக்கும் பட்டைக்கும் நடுவே இடைவெளி விழும். மோதலில் உடல் அந்த இடைவெளி முழுவதும் வேகம் குறையாமல் முன்னே பாயும், பிறகுதான் பெல்ட் பிடிக்கும். இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. மோதிய சில மில்லி நொடிகளில், பெல்ட்டை இறுக்கும் கருவியான பிரிடென்ஷனர் வெடித்துப் பட்டையை உள்ளே இழுக்க வேண்டும். தோளுக்கு மேலே பட்டை நுழைந்து வரும் மேல் வளையத்தில் கிளிப் முட்டி நின்றால், பட்டையைச் சுருட்டி வைக்கும் ரிட்ராக்டர் பக்கத்து இழுப்பு தோளுக்கு வந்து சேராது. கழுத்து உரசலுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்: கதவுத் தூணில் உயரம் மாற்றும் பொத்தான் இருந்தால் வளையத்தைக் கீழே இறக்குங்கள், இல்லையென்றால் இருக்கையைச் சற்று உயர்த்துங்கள். பட்டை தோளின் நடுவில் ஓட வேண்டும். இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பெலும்பில் படிய வேண்டும்.

டம்மி கிளிப் அலாரத்தை மட்டும் ஏமாற்றுவதில்லை. ஏர்பேக்கை எப்படி விரிப்பது என்று முடிவெடுக்கும் கருவி, பல கார்களில், பெல்ட் பூட்டியிருக்கிறதா என்று காட்டும் பக்கிள் சுவிட்சையும் கணக்கில் கொள்கிறது. பெல்ட் இல்லாத உடல் பிரேக் பிடிக்கும்போதே முன்னே சரிந்து, விரியும் பையை மிக அருகில் சந்திக்கும்.

மெல்லிய துணியாலான தோள் உறையைப் பொறுத்துக்கொள்ளலாம். தடித்த நுரை உறை வேண்டாம். நீட்டிப்புப் பட்டையை, பெல்ட் எட்டாதவர் மட்டும், கார் தயாரிப்பாளரிடமே கேட்டு வாங்கலாம்.

உண்மையில் பெல்ட்டுக்கு வேண்டியது மென்மையான பிரஷ்ஷும் மிதமான சோப்பும்தான். பட்டையை முழுவதும் வெளியே இழுத்து, வளையத்துக்கு அருகில் துணிக்கிளிப் போட்டு நிறுத்துங்கள். சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் சோப்பைத் துடைத்தெடுத்து, நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள். பிளீச்சும் சாயமும் இழையைக் கெடுக்கும். பெல்ட் மெதுவாகச் சுருண்டால் ஸ்பிரிங் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்; மேல் வளையத்தில் படிந்த பிசுக்கே பல நேரம் காரணம், அதையும் துடையுங்கள். பக்கிளுக்குள் எண்ணெய் விடாதீர்கள், தூசியைச் சேர்த்துவிடும். ரிட்ராக்டரைத் திறக்கவே கூடாது, உள்ளே வெடிபொருள் இருக்கலாம்.

பட்டை வெளியே இருக்கும்போதே விளிம்பில் பிசிறு, வெட்டு, உருகிய பளபளப்பு, பிரிந்த தையல் உண்டா என்று பாருங்கள். பக்கிள் 'டக்'கென்று பூட்டி, ஒரே அழுத்தத்தில் விட வேண்டும். பட்டையைச் சட்டென இழுத்தால் பூட்ட வேண்டும். சரிவில் நிறுத்திய வண்டியில் தானாகவே பூட்டிக்கொள்வது பழுதல்ல, சாய்வை உணரும் பாகம் செய்யும் வேலை.

பலத்த மோதலில் அணிந்திருந்த பெல்ட்டை, பார்க்க நன்றாக இருந்தாலும், முழுத் தொகுதியாக மாற்ற வேண்டும். பட்டை நீண்டிருக்கும், ரிட்ராக்டருக்குள் இருக்கும் முறுக்குக் கம்பி முறுகியிருக்கும், வெடித்த பிரிடென்ஷனர் மறுபடி வேலை செய்யாது. பழைய வண்டியிலிருந்து கழற்றிய பெல்ட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்; அது ஏற்கெனவே மோதலைத் தாங்கியதா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.